தச்சு கழித்த வீடு

பருப்பு மண்டி மரகதவேல் அண்ணாச்சி புதிதாகக் கட்டிய வீட்டை விட்டு, அதைக் கட்டியவர்களின் கைகளும் கால்களும் கிளம்பிப் போனது ஒரு ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில். முதலில் வாசற்படியில் ஈரச் சிமெண்டு நிறத்தில் ஒரு பாதம் விழுந்தது, அதன் முன்னால் இன்னொன்று, அதற்கடுத்து ஐந்து விரலும் விரிந்த ஒரு உள்ளங்கை, பிறகு எண்ணி முடியாதபடி பாதங்களும் கைகளும், ஆள் இல்லாமல், அவசரம் இல்லாமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் நடையில் கேட்டைத் தாண்டி, பிள்ளையார் கோயில் முக்கைத் தாண்டி, மெயின் ரோட்டில் இறங்கின. டீக்கடைக்காரர் வெளியே கிடந்த பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டு வழிவிட்டார். டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, எல்லாம் கடந்து போகட்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"எங்கருந்து வருதுக?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருத்தர் கேட்டார்.

"மண்டிக்காரர் வீட்லருந்து. தச்சு கழிச்சிருக்காக" என்றார் டிரைவர்.

"அதான பாத்தேன்" என்று கேட்டவர் மறுபடியும் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

புது வீட்டில் குடிபோவதற்கு முந்தின நாள் தச்சு கழிப்பது அந்த ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். வெட்டுப்பட்ட மரத்தின் வருத்தமும், உடைபட்ட கல்லின் கோபமும், வேலை செய்தவர்களின் வயிற்றெரிச்சலும் வீட்டில் தங்கிவிடக் கூடாதென்று பூசணிக்காய் உடைத்து, கோழி அறுத்து, எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளூர் ஆசாரிகள் அளவறிந்து கழிப்பார்கள். கதவு மூடுவதற்கும் படி ஏறுவதற்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை வீட்டிலேயே விட்டுவைப்பார்கள். அண்ணாச்சியின் மனைவி ராசகனிக்கு அது போதவில்லை. தான் சாமி படம் மாட்டப்போகிற சுவரில் சித்தாள்கள் முதுகு சாய்த்துச் சாப்பிட்டதை ஒன்றரை வருஷமாகப் பார்த்து, அவர்களுடைய பெருமூச்செல்லாம் சுண்ணாம்போடு சேர்ந்து பூசப்பட்டுவிட்டதே என்று உள்ளூர நடுங்கிப்போயிருந்தாள். அதனால் தூரத்து ஊரிலிருந்து பெயர்பெற்ற ஒருவரை வரவழைத்து, "ஒரு துளி விடாமக் கழிச்சிருங்க சாமி" என்றாள். அவர் நேர்மையான மனிதர். நடுஹாலில் நின்று, இந்த வீட்டில் கூலிக்கு வந்தவர்களின் கையும் காலும் கண்ணும் கருத்தும் எது ஒட்டியிருந்தாலும் இந்த நிமிஷமே வெளியேறட்டும் என்று மூன்று முறை சொன்னார். வெளியேறின.

வேலையை எடுத்துக் கட்டிய தவசி மேஸ்திரியின் கைகள் நாலைந்து அவர் வீட்டுக்குப் போயின. ஆசாரியின் கைகள் ஆசாரி வீட்டுக்கும், வயரிங் செய்தவனுடையவை அவன் வீட்டுக்கும் பிரிந்து போயின. மற்றபடி அந்தப் பெருங்கூட்டம் முழுக்க ஊருக்குத் தெற்கே ஓடைக்காலனிக்குள் நுழைந்தது. அதில் பாதிக்கு மேல் வெள்ளத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றது.

வெள்ளத்தாய் இருபத்தாறு வருஷமாகச் சித்தாள். கல் சுமந்தவள், மணல் சலித்தவள், கலவை சுமந்தவள், பூசின சுவருக்குத் தண்ணீர் விட்டவள். எல்லாவற்றுக்கும் மேலாக அவள் கவலைப்படுகிறவள். வேலைக்குப் போன இடத்தில் சாரக் கயிறு இற்றிருக்கிறதோ என்று கவலைப்படுவாள், சிமெண்டு மூட்டை பனியில் கட்டி தட்டிவிடுமோ என்று கவலைப்படுவாள், குடிவரப் போகிறவர்கள் குளித்த தண்ணீர் குழிக்குப் போகாமல் கூடத்துக்குப் போய்விடுமோ என்று, தான் ஒருநாளும் குளிக்கப்போகாத குளியலறைக்காக, சோற்றைப் பிசைந்தபடியே கவலைப்படுவாள். கூட வேலை பார்க்கிற கோமு, "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா, ஏன் ஒண்ணும் கிடைக்கலைன்னு கவலைப்படுவ" என்று கேலி செய்வாள்.

"எந்த எடுபட்டவ ஈரக்காலோட வாரது? இப்பத்தான வாசல் தெளிச்சேன்" என்று விளக்குமாற்றோடு வெளியே வந்த வெள்ளத்தாய், முன்னால் நின்ற உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதன் மேல் செங்கல் விழுந்தது. தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சரி, உள்ள வாங்க" என்று விலகி நின்றாள். அவை படியேறி உள்ளே போய், தரைக்குள் இறங்கிக்கொண்டன.

காலனிக்கு ஓடைக்காலனி என்று பெயர் வந்ததற்குக் காரணம், அது பழைய ஓடைக்குள்ளேயே கட்டப்பட்டது. தூறல் போட்டாலும் வீட்டுக்குள் அடுப்பு மிதக்கும். ரேஷன் கடை முன்னால் தேங்கின தண்ணீர் ஒன்பது வருஷமாக அங்கேயே கிடந்து, அதற்குக் குளம் என்று பெயரும் வைத்து, போன வருஷம் யாரோ அதில் மீன்குஞ்சு விட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் அந்தத் தண்ணீர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆளைப் போல எழுந்து, வளைந்து நெளிந்து தெருவைக் கடந்து, கம்மாய் இருக்கிற திசையைத் தானே கண்டுபிடித்துப் போய்விட்டது. மூடாத கதவுகள் மூடின. கோணல் சுவரில் சாய்ந்து தொங்கின காலண்டர்கள் நேராயின. பெண்கள் மீன்களை வாளியில் பிடித்துக் கம்மாயில் கொண்டுபோய் விட்டுவிட்டு, காய்ந்த தரையில் முதல்முறையாகக் கோலம் போட இடம் பிடித்துச் சண்டை போட்டார்கள்.

அதே காலையில் அண்ணாச்சி வீட்டில் பால் காய்ச்சினார்கள். பொங்கின பால் அடுப்பை விட்டு இறங்கி, ஹாலைக் கடந்து, மாடிப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, மொட்டைமாடியில் போய் நின்றது. "லட்சுமி மேல ஏறுதா, நல்லதுதான்" என்று ஒரு சித்தப்பா சமாளித்தார். பந்தியில் முதல் இலைக்கு ஊற்றின சாம்பார், இலை இலையாகத் தாவிக் கடைசி இலையில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டார் மடியில் சேர்ந்தது. கதவுகளுக்கு மூடத் தெரியவில்லை. படிகள் ஒன்று ஒரு சாண், அடுத்தது இரண்டு சாணாக மாறியிருந்தன. கீழே குளித்த தண்ணீர் பூஜை அறையில் போய்ச் சாமி கும்பிட்டது. ஒரு வாரத்துக்குள் ஊர் பழகிக்கொண்டது. தபால்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் காகிதக் கப்பலோடு வந்து ஹாலில் விட்டு மாடியில் எடுத்தார்கள். அண்ணாச்சி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியபடியே மண்டிக்குக் கிளம்பினார். பழகாதவள் ராசகனி ஒருத்திதான்.

தவசி மேஸ்திரி வந்தார், தரையைப் பெயர்த்தார், மறுபடியும் போட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழ் நட்டநடுவில் அசையாமல் நின்றது. தண்ணீரை ஊற்றினார். அது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பூஜை அறைக்குப் போனது.

"மட்டம் சரியாத்தான் சொல்லுது அண்ணாச்சி. தண்ணிதான் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

அவருக்குக் காரணம் தெரியும். இருபத்தாறு வருஷமாக அவர் போட்ட ஒவ்வொரு தரையிலும் கடைசியில், "ஏத்தா, ஊத்திப் பாரு" என்று வெள்ளத்தாயைத்தான் கூப்பிடுவார். அவள் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அது ஓடுவதற்கு முன்பே, "இந்த மூலை ரெண்டு நூல் தாழணும், இல்லைன்னா இங்கன தேங்கி நிக்கும்" என்பாள். "தெரியும் தெரியும், நீ தள்ளு" என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த மூலையை இரண்டு நூல் தாழ்த்துவார். ஊரில் தவசி மேஸ்திரி போட்ட தரையில் ஒரு சொட்டு நிற்காது என்று பெயர். அந்தப் பெயரும் அவர் வீட்டுக்குத்தான் போனது.

மறுநாள் அவர் காலனிக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே பேசினார். "வெள்ளத்தாயி, நாளைக்கு அண்ணாச்சி வீட்டுக்கு வந்துரு. நீ ஊத்திப் பாத்துச் சொல்லு, நான் போட்டுக்கிருதேன்."

அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பயந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டால் இன்னும் இருபத்தாறு வருஷம் சொல்ல முடியாதே என்று அதைவிடப் பயந்தாள்.

"வாரேன் மேஸ்திரி. பூசுற கரண்டி என் கையில இருக்கணும்."

"என்னது?"

"கொத்தனாரா வாரேன். சித்தாளா வர மாட்டேன்."

தவசி சிரித்தார். "பொம்பளை கரண்டி தொட்டா செவுரு நிக்காது. எங்க அப்பன் காலத்துலருந்து சொல்லிட்டு வாராக."

"பொம்பளை சுமந்த கல்லுல நிக்கிற செவுரு, பொம்பளை பூசினா மட்டும் விழுந்துருமாக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு வாசலில் பேன் பார்த்துக்கொண்டிருந்த கோமு.

"உன்கிட்ட யாரும் கேக்கல." அவர் வண்டியை உதைத்தார். "நல்லா யோசிச்சுக்க வெள்ளத்தாயி. இந்த ஊர்ல எந்தக் கட்டடத்துலயும் உன்னை ஏத்த மாட்டாக. நான் பாத்துக்கிருதேன்."

அவர் சொன்னபடி பார்த்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து வெள்ளத்தாயை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவளைத் தவிர யார் வந்தாலும் சரி என்றார்கள். காலனியிலோ வேறொரு பேச்சு எழுந்தது. அவள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனால், வந்த கைகளும் கால்களும் அவளோடு திரும்பிப் போய்விடுமே, அப்புறம் மழைக்கு என்ன செய்வது? மேகம் தெற்கே கூடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ரேஷன் கடை முன்னால், குளம் இருந்த இடத்தில், எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"போகாத மதினி, நம்ம தெருவுக்கு வந்தது நம்ம தெருவோட இருக்கட்டும்" என்றான் தவில் அடிக்கிற சீனிச்சாமி. கொஞ்ச நேரம் தரையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். "எத்தனை கல்யாண வீட்ல அடிச்சிருக்கேன். தாலி கட்டுறப்ப நான் ஒரு உருட்டு உருட்டுனாத்தான் அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்குத் தைரியம் வரும். பந்தியில எங்களுக்குக் கடைசி இலை. அதெல்லாம் எனக்கும் திரும்பி வந்துச்சுன்னா என் வீடு எப்படி அதிரும்!"

"அதிரும், உன் பொண்டாட்டி வெளிய போட்டுப் பூட்டுவா" என்றாள் கோமு.

தையல்காரி சந்தனமாரி சிரிக்கவில்லை. "இந்த ஊர்ல பாதிப் பேர் என் கண்ணைத்தான் போட்டுட்டுத் திரியுதாங்க. ஊசி கோக்க முடியாமப் போன கண்ணு. அது வந்தாலும் நல்லாத்தான் இருக்கும். ஆனா சட்டையில இருந்து உருவிட்டு வந்தா, சட்டை பிரிஞ்சிருமே. நான் தச்ச சட்டை பிரியுறதை நான் எப்படிப் பாக்க?"

வெள்ளத்தாய் எழுந்து சேலையை உதறினாள்.

"தச்சுல வந்தது தச்சுல போகும். இன்னொருத்தன் வந்து மூணு தடவை சொன்னான்னா இங்கருந்தும் கிளம்பிரும். அதை நம்பி எனக்குத் தூக்கம் வராது. தண்ணி ஓடிப்போக வாறுகால் கட்டணும்."

அந்தத் தெருவுக்கென்று எப்போதோ தொடங்கிப் பாதியில் விட்டுப்போன வாறுகால் வேலைக்காக வந்த மணலும் ஜல்லியும் ரேஷன் கடைக்குப் பின்னால் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தன. ஆளுக்கு ஒரு சட்டியாகச் சிமெண்டு சேர்ந்தது. வெள்ளத்தாய் இரும்புக் கடைக்குப் போய், கடைக்காரர் "யாருக்கும்மா?" என்று கேட்க, "எனக்கு" என்று சொல்லி ஒரு கரண்டி வாங்கி வந்தாள். பட்டப்பகலில், ஊரே போகிற பாதையில், உட்கார்ந்து பூச ஆரம்பித்தாள். முதல் நாள் கலவை கரண்டியில் ஒட்டாமல் நழுவியது. இரண்டாம் நாள் கொஞ்சம் ஒட்டியது. பார்த்துப் பார்த்தே இருபத்தாறு வருஷம் படித்த வேலை அவள் தோளில் இருந்து முழங்கைக்கும், முழங்கையில் இருந்து மணிக்கட்டுக்கும் இறங்க நாலு நாள் ஆனது. கோமுவும் மற்ற பெண்களும் வரிசையாக நின்று கலவையைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். தவசி மேஸ்திரி அந்த வழியாக மூன்று தடவை வண்டியில் போனார். மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை.

வாறுகால் முடிந்து ஈரம் காயுமுன்னே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. காலனியில் ஒரு அடுப்பும் மிதக்கவில்லை. தண்ணீர் சலசலவென்று பேசிக்கொண்டே கம்மாய்க்குப் போனது. அது கைகள் திரும்பி வந்ததாலா, சிமெண்டு போட்டதாலா என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மழையில்தான் ராசகனி குடை பிடித்துக்கொண்டு காலனிக்கு வந்தாள். சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. அது தெருவில் நனைந்ததல்ல, வீட்டுக்குள் நனைந்தது. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காமல் கிடப்பதைப் பார்த்தாள். வாறுகாலின் ஓரத்தில் ஒரு சாக்கை மேலே மறைப்பாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு விரிசலைப் பூசிக்கொண்டிருந்த வெள்ளத்தாயைப் பார்த்தாள்.

"இதை யாரு கட்டுனது?"

"நான்தான்."

"எங்க வீட்டுத் தரை?"

வெள்ளத்தாய் பதில் சொல்லுமுன் கோமு முந்திக்கொண்டாள். "அதுக்கும் தண்ணி ஓடுற வாட்டம் சொன்னது இவதான் ஆச்சி. ஒன்றரை வருசம் உங்க வீட்லதான வேலை பாத்தா. இவ பேரு என்னன்னு சொல்லுங்க பாப்போம்?"

ராசகனி குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். மழை குடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளத்தாய்" என்றாள் வெள்ளத்தாயே, கரண்டியை வழித்தபடி.

"வெள்ளத்தாயி, நீ வந்து சரிபண்ணிக் குடும்மா. மேஸ்திரி போடட்டும், நீ பக்கத்துல நின்னு சொல்லு. கூலி கொத்தனாருக்கு உள்ளதையே தாரேன், யாருக்கும் தெரியாம."

இந்த இடத்தில் அவள் கை நின்றது. அந்தக் கூலி வந்தால் எதெதற்கு ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கவலைகள் அத்தனையும் வரிசையில் வந்து நின்று கையை நீட்டின. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"யாருக்கும் தெரியாமத்தான் இம்புட்டு வருசம் செஞ்சேன் ஆச்சி. வந்தா கரண்டியோட வருவேன். கொத்தனாருன்னு கூப்பிடணும். நீங்க மட்டுமில்ல, அண்ணாச்சியும் மேஸ்திரியும் கூப்பிடணும். இன்னொண்ணு. வேலை முடிஞ்சதும் தச்சு கழிக்கக் கூடாது. என் கை உங்க வீட்ல இருக்கும். நீங்க சாமி கும்பிடுற இடத்துல இருக்கும், உங்க பேரப்பிள்ளை தவழுற இடத்துல இருக்கும். அதுக்குச் சம்மதம்னா கூப்பிடுங்க. இல்லைன்னா குடையை வீட்டுக்குள்ளயும் பிடிச்சுக்கங்க."

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ராசகனி. அது வரைக்கும் இல்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னாள். "அடுத்தவுக பெருமூச்சு வீட்ல தங்குனா ஆகாதுன்னு சொல்லுவாகளே."

"பெருமூச்சு விட்டோம்தான். இல்லைன்னு சொல்லல. அதோட சேத்துத்தான் இந்தப் பக்கம் தண்ணி நிக்குமோ, அந்தப் பக்கம் பிள்ளை வழுக்கி விழுமோன்னு உங்களுக்காகப் பயந்தோம். நீங்க ரெண்டையும் சேத்து விரட்டிட்டீங்க."

ராசகனி வெகுநேரம் வாறுகாலில் ஓடுகிற தண்ணீரையே பார்த்தாள். பிறகு, "வாங்க கொத்தனாரே" என்றாள்.

பதினோரு நாள் வேலை நடந்தது. அண்ணாச்சி முதல் நாள் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் இருமினார். இரண்டாம் நாள் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். ஊர்க்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். வெள்ளத்தாய் ஒவ்வொரு அறையாகப் பெயர்த்து, ஒவ்வொரு மூலையாகக் கவலைப்பட்டு, கரண்டியால் தடவினாள். தவசி மேஸ்திரி அந்த வார்த்தையைச் சொல்லாமல் வெளியே மணல் குவியலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறாம் நாள் மத்தியானம், சித்தாள்கள் சாப்பிடப் போன நேரத்தில், உள்ளேயிருந்து "கலவை!" என்று சத்தம் வந்தது. வேலை நடக்கிற இடத்தில் பிறந்து வளர்ந்தது மேஸ்திரியின் உடம்பு. யோசிக்கிறதற்குள் எழுந்து, சட்டியைத் தூக்கி, அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தண்ணி கூடிப்போச்சு" என்றாள் அவள், கலவையைக் கிளறி.

"தெரியும் தெரியும்" என்று அவர் சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

பதினோராம் நாள் ஊற்றின தண்ணீர், போகவேண்டிய குழிக்கு நேராகப் போனது. கதவுகள் மூடின. காலனியிலும் எதுவும் மாறவில்லை. அங்கே தரைக்குள் இறங்கின கைகள் அங்கேயே இருந்தன, இங்கேயும் இருந்தன. சந்தனமாரிதான் அதை முதலில் கவனித்தாள். "தன் பேரைச் சொல்லிக் குடுத்தா குறையுறதா என்ன அது" என்றாள், ஊசிக் காதைத் தேடிக்கொண்டே.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் எடுக்கிற மெடிக்கல் கடை முக்குக்கு வெள்ளத்தாய் போனாள். அங்கே ரோட்டுக்கு இந்தப் பக்கம் கையில் பையோடு கொத்தனார்கள் நிற்பார்கள், அந்தப் பக்கம் தலையில் சும்மாட்டுத் துணியோடு சித்தாள்கள் நிற்பார்கள். அவள் கரண்டியும் மட்டப்பலகையும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் வந்து நின்றாள். ஆண்கள் கொஞ்சம் நகர்ந்தார்கள். இடம் விட்டார்களா, விலகிப் போனார்களா என்று அவளுக்குப் புரியவில்லை, கவலையாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்து கோமு கண்ணடித்தாள்.

வெளியூர்க் காண்டிராக்டர் ஒருவர் வண்டியை அவர்கள் முன்னால் நிறுத்தினார். "எனக்கு நாலு கொத்தனார் வேணும்" என்று வரிசையை எண்ணிக்கொண்டே வந்தவர், அவளிடம் வந்ததும் நின்றார்.

"ஏம்மா, சித்தாள் எல்லாம் அந்தப் பக்கம்ல நிக்கணும்?"

"நான் கொத்தனாரு."

"கொத்தனாரா? யாரு சொன்னது?"

டீக்கடையில் தவசி மேஸ்திரி கையில் கிளாஸோடு நின்றிருந்தார். ராசகனி வீட்டு மொட்டைமாடி அங்கிருந்தே தெரிந்தது. வெள்ளத்தாய் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"நான் சொல்லுதேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார், மூன்று பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார். வெள்ளத்தாய் பையை ஒரு தோளில் இருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த வண்டி வருகிற திசையைப் பார்த்து, அதே இடத்தில் நின்றாள்.